மருந்தென்று எழுதி அனுப்பிய மாவு

ஜப்பானில் நான் வேலை செய்யும் பள்ளிச் சமையற்கூடத்தில் காலை எட்டரை மணிக்கு ஒரு வாசனை எழும். முதல் நாளே ஊறப்போட்ட சோயாப் பயறு பெரிய அண்டாவில் வேகத் தொடங்கும் நேரம் அது. சோயா என்று என் மூளைக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியாது. பச்சை மல்லாட்டை வேகிறது என்றே அது ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறது. நீங்கள் நிலக்கடலை என்பீர்கள், வேர்க்கடலை என்பீர்கள். திண்டிவனத்துக்காரிக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் அது மல்லாட்டைதான். ஆவி எழும்பிச் சன்னல் கண்ணாடியெல்லாம் வெளுத்துப்போகும். எதிரில் நிற்பவர்கள் வெள்ளைத் தொப்பியும் வெள்ளை முகமூடியுமாகப் பாதி கரைந்து தெரிவார்கள். அந்த ஒரு நிமிடம் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. யாராவது ஜப்பானிய மொழியில் என் பெயரைக் கூப்பிட்டால்தான் தரைக்கு வருவேன். மலர் என்ற பெயர் அவர்கள் வாயில் மராரு ஆகிவிடும், நானும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹயாஷி-சான் எனக்கு ஒரு கிண்ணம் நத்தோ கொடுத்தார். அறுபது வயதை நெருங்கும் அந்த அம்மாள்தான் எங்கள் சமையற்கூடத்துக்குத் தலைவி. நத்தோ என்பது புளிக்கவைத்த சோயா. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுபடும். வாசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, உப்பிட்டவர்களை உள்ளளவும் நினைக்க வேண்டும். "சாப்பிடுங்கள், நல்லது" என்றார். எதற்கு நல்லது என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "சோற்றுக்கு" என்றார். நான் விடவில்லை. உடம்புக்கு என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் என் வயிற்றையும் நெஞ்சையும் தொட்டுக் காட்டி மறுபடியும் கேட்டேன். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அவர் புரிந்துகொண்டார். நாற்காலியில் உட்கார்த்தி, வெந்நீர் கொடுத்து, அன்று பாதி வேலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நம் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பண்டமே கிடையாது. கேப்பை எலும்புக்கு நல்லது, முருங்கைக்கீரை ரத்தத்துக்கு, வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்கு. நாம் சாப்பிடும்போதே பாதி வைத்தியர்கள். ஆனால் நான் வெறும் பழக்கத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டேன். எங்கள் அம்மா மார்பில் வந்த புற்றுநோயில் போனவள். கட்டி இருப்பதை ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அப்போது எனக்குப் பதினேழு வயது, அக்காவுக்கு இருபத்து மூன்று. அக்கா தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு என்னை விழுப்புரத்தில் கல்லூரி விடுதியில் சேர்த்தாள். அவள் பெயர் தனலட்சுமி. இப்போது ஓமந்தூர்ப் பக்கம் தன் வீட்டுக்காரரோடு, அதாவது எங்கள் மாமாவோடு, சொந்த நிலத்தில் மல்லாட்டையும் நெல்லும் பயிர் செய்கிறாள். எனக்கு நாற்பத்து மூன்று வயதாகியும் நான் அவளுக்குப் பாப்பாதான். என் கல்யாணம் என்னை ஜப்பானுக்குக் கொண்டுவந்தது, வந்த நான்காம் வருடம் முடிந்தும் போனது. அவர் பெங்களூருக்குத் திரும்பினார், நான் திரும்பவில்லை. ஊருக்குப் போனால் ஆயிரம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே கேள்வி கேட்கும் அளவுக்கு என்னை யாருக்கும் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் அக்காவுக்கும் அதே இடத்தில் கட்டி வந்தது. அம்மாவைப் போல மறைக்காமல் அவள் உடனே சொன்னாள். அறுவை சிகிச்சை நடந்தது, ஊசி மருந்தில் முடி கொட்டி மறுபடி சுருள் சுருளாக முளைத்தது. ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு மாத்திரை போட வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அந்த நாட்களில்தான் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ஜப்பான் பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் குறைவாம், காரணம் அவர்கள் சாப்பிடும் சோயாவாம். உடனே எல்லோரும் என்னைக் கேட்டார்கள். ஜப்பானில் அண்டா கழுவுகிறவள் ஒரே நாளில் நிபுணர் ஆகிவிட்டேன். நானும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெண்களின் உடம்பில் சுரக்கும் ஒன்றைப் போன்ற ஏதோ சோயாவில் இருக்கிறது. அதைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு, கொண்டாடுகிறவர்களும் உண்டு. சின்ன வயதிலிருந்தே சோயாவை உணவாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் குறையலாம் என்று எழுதியிருந்தார்கள். "குறையலாம்" என்று எழுதியிருந்ததை நான் "குறையும்" என்று படித்துக்கொண்டேன். பயந்தவர்கள் படிப்பது அப்படித்தான். காலையில் சோயா விழுதைக் கரைத்த மிசோ சூப், மதியம் சோயாப் பாலில் உறைய வைத்த தோஃபு, ராத்திரிக்கு நத்தோ என்று ஆரம்பித்தேன். நாவில் வைக்க முடியாத நத்தோவை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன், அம்மாவை நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.

சோயா எங்களுக்கு முதலில் மீல் மேக்கராகத்தான் அறிமுகம். கறி எடுக்க முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அதை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பட்டை சோம்பெல்லாம் போட்டு கறிக்குழம்பு மாதிரியே வைப்பாள். எலும்பு இல்லாத கறி என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருக்கிறேன், அவர்களும் நம்பியதுபோல் இருந்துவிடுவார்கள். இப்படி எங்கள் வீட்டுக்குள் கறி வேஷத்தில் வந்த சோயாவுக்கு மருந்து வேஷம் கட்டிவிட்டவள் நான். போன ஆவணி மாதம், ஊருக்குப் போன ஒரு திண்டிவனத்துப் பெண்ணிடம் ஒரு பெரிய பாக்கெட் கினாகோ கொடுத்து அனுப்பினேன். வறுத்த சோயாவை அரைத்த மாவு அது, பார்ப்பதற்குப் பொட்டுக்கடலை மாவு போலவே இருக்கும். இங்கே அதை அரிசி உருண்டைமேல் தூவிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். ஆனால் தின்பண்டம் என்று சொல்லி அனுப்பினால் அது அக்காவின் வாய்க்குப் போகாது என்பது எனக்குத் தெரியும். மாமாவுக்கு, மகளுக்கு, எதிர்வீட்டுக்கு என்று கொடுத்துவிட்டுப் பாக்கெட்டைக் கழுவி வைப்பாள். அவள் மட்டும் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் பாக்கெட்டின்மேல் ஒரு தாளை ஒட்டி, பட்டையான எழுத்தில் எழுதினேன்: தனம் அக்காவுக்கு மட்டும். காலை, வெறும் வயிறு, ஒரு ஸ்பூன், வெந்நீரில். எழுதிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்கழி விடுமுறையில் ஊருக்குப் போனேன். விடியற்காலை திண்டிவனத்தில் இறங்கியபோது பனி புகைபோல் நின்றது. மாமா வண்டியில் வந்து அழைத்துப் போனார். வழியெல்லாம் வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உடம்பு இங்கே வந்துவிட்டது, தூக்கம் மட்டும் இன்னும் ஜப்பானிலேயே கிடந்தது. இரண்டு நாள் நான் பேசியதா கனவு கண்டதா என்று பிரிக்க முடியாத மயக்கத்தில்தான் வீட்டுக்குள் நடமாடினேன். முளைத்து ஒரு சாண் உயரம் வந்த மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவில் அக்கா நடந்து வருவதைப் பார்க்க நன்றாக இருந்தது. முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புகூடக் குறைந்திருந்தது. என் மாவுதான் வேலை செய்கிறது என்று மனசுக்குள் துள்ளிக் குதித்தேன். ஒரு பைத்தியக்காரியின் சந்தோஷம் அது.

மூன்றாம் நாள் மாமா எனக்காக வஞ்சிர மீன் வாங்கி வந்தார். அக்கா குழம்பு வைத்து, வறுத்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தனக்கு ரசம் ஊற்றிக்கொண்டாள். மார்கழி விரதம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் கத்திரிக்காய்க் குழம்பையும் தொடவில்லை. எந்தச் சாமி கத்திரிக்காயை வேண்டாம் என்றது என்று கேலி செய்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, பத்தியம் என்றாள்.

"நீ எழுதி அனுப்புனியே, அந்த மருந்து. அதத்தான் தெனம் சாப்டுக்கினு இருக்கறேன். அதான் இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்திட்டேன். ரெண்டு மருந்து ஒடம்புல ஒண்ணா இருந்தா ஒண்ண ஒண்ணு முறிச்சிடும் இல்ல?"

என் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன். மாவு வந்த நாளிலிருந்து என்றாள், நல்ல பிள்ளையாகப் பாடம் ஒப்பிக்கும் முகத்தோடு. நான்கு மாதம். நான்கு மாதமும் வாரத்துக்கு மூன்று தடவை வீடியோவில் பேசியிருக்கிறோம், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டிருக்கிறேன், எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று தலையை ஆட்டியிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டபோது அவளுக்கே ஆச்சரியம். "மருந்த வெளிய சொன்னா பலிக்காதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும், அதுதான் கொடுமை. எட்டு வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா என்னை அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பச்சிலை கொடுக்கிற ஒரு அம்மாளிடம் கூட்டிப்போனாள், அக்காவும் கூட வந்தாள். விடியும்முன் வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்லி ஒரு உருண்டை கொடுத்தார்கள். எண்ணெய் கூடாது, மீன் கூடாது, கத்திரிக்காய் கூடாது. டாக்டர் மருந்து ஏதாவது சாப்பிட்டால் இன்றோடு நிறுத்து, இரண்டும் சேர்ந்தால் முறிந்துவிடும். யாரிடமும் மூச்சு விடாதே, யாருக்கும் பங்கு கொடுக்காதே. நான் பிழைத்துவிட்டேன். மருந்தால் பிழைத்தேனா, சின்ன உடம்பு தானாகத் தேறியதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அக்கா அந்தச் சட்டங்களை அன்றோடு மனப்பாடம் செய்துவிட்டாள். வெறும் வயிறு, வெந்நீர், உனக்கு மட்டும் என்று நான் எழுதினேன். மிச்சத்தை எழுத வேண்டிய அவசியமே இல்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. அவள் ஒரு தவறும் செய்யவில்லை. தின்பண்டத்துக்கு மருந்து வேஷம் கட்டிய நான்தான் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து வைத்திருந்தேன்.

அடுத்த நாளே விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். அக்காவைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மாவின் கிளினிக் அங்கே இருக்கிறது. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை பஸ்ஸின் சன்னலுக்கு வெளியே பனி விலகவேயில்லை. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலைமுடி என் கன்னத்தில் உரசியது, புதிதாக முளைத்த முடி, பழைய முடியைவிட மெல்லியது. நான்கு மாதத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம் என்று மனசு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தது. தூரத்து நாட்டில் உட்கார்ந்துகொண்டு அன்பைப் பாக்கெட்டில் கட்டி அனுப்புகிற எல்லோரையும் நினைத்தேன். சாக்லேட்டோடும் தைலத்தோடும் முடிந்திருந்தால் யாருக்கும் கெடுதி இல்லை. எனக்குத்தான் ஆபத்து குறைக்கிற ஆசை வந்துவிட்டது.

டாக்டரம்மா மாத்திரைச் சீட்டைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். நானாகத்தான் நிறுத்தினேன் என்று அக்கா சட்டென்று சொன்னாள், என்னைக் காட்டிக்கொடுக்காமல். வெட்கமாக இருந்தது. நானே எல்லாவற்றையும் சொன்னேன், தாளில் எழுதியதையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சோயாவ சாப்பாடா சாப்பிடுங்க, தப்பே இல்லம்மா. ஆபத்தக் கொறைக்கலாம்னு சொல்றாங்க, இருக்கலாம். ஆனா தடுத்துடும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. அது இந்த மாத்திரையோட வேலையையும் செய்யாது" என்றார். மாவும் மாத்திரையும் ஒன்றையொன்று முறிக்காது என்றும் அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார். ஆனால் பொடியாகவும் வில்லையாகவும் மருந்துபோல எடுத்துக்கொள்வதற்கு முன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார். சோதனைகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் வயதைக் கேட்டார். அம்மாவுக்கு இருந்தது, அக்காவுக்கு வந்திருக்கிறது, நீங்கள் ஒரு முறையாவது பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்றார்.

"நான் தினமும் தோஃபு சாப்பிடறேன் டாக்டர்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. நான் குடியிருக்கும் ஊரின் நகராட்சி, நாற்பது வயது ஆனதிலிருந்து எனக்கு மார்புப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. வந்ததையெல்லாம் பிரிக்காமல் துணி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். அக்கா மாத்திரையை விட்டாள். நான் அதைவிடக் கெட்டிக்காரி, சோதனையையே விட்டுவிட்டேன். இருவருக்கும் காவல் அந்தச் சோயாதான். அக்கா என்னை வெகுநேரம் பார்த்தாள், அம்மாவை அந்தக் கடைசி வருடத்தில் பார்த்த அதே பார்வை.

சோதனை முடிவுகள் இரண்டு நாளில் வந்தன. இப்போதைக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், மாத்திரையை இன்றே ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். முடிவைக் கையில் வாங்கியதும் நான் ஒரு பாட்டம் அழுதேன், அக்கா எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். திரும்பும் பஸ் விக்கிரவாண்டி டோலைத் தாண்டியது. அப்புறம் அவளாகவே சொன்னாள். அந்த மாத்திரை போட்டால் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறதாம், அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வியர்க்கிறதாம், முட்டி வலியில் களைக்கொட்டைப் பிடித்து உட்கார முடியவில்லையாம். மாவு வந்த அன்றுதான் அதிலிருந்து விடுதலை கிடைத்ததாம். அவள் முகம் தெளிந்திருந்ததற்குக் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. இதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை, மாவை மட்டும் எப்படி நம்பினாய் என்று அதட்டினேன். அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"மாத்திரை கடையிலேருந்து வருது பாப்பா. அது ஒன்கிட்டேருந்து வந்துது."

வீட்டுக்கு வந்தும் சிக்கல் தீரவில்லை. பாதி மாவு இன்னும் அலமாரியில் இருந்தது. முறிக்காது என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறியது, மனசில் ஏறவில்லை. மருந்து மிச்சம் இருக்கும்போது இன்னொன்றை எப்படித் தொடங்குவது என்கிறாள். தூக்கிப் போடலாம் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. கைராசியோடு கொடுத்த மருந்தைக் குப்பையில் போட்டால் கொடுத்தவளுக்கு ஆகாதாம். மாமா இரண்டு தடவை கத்திப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் படித்ததையெல்லாம் தமிழில் சொல்லிப் பார்த்தேன். இதெல்லாம் அவள் சட்டத்துக்கு வெளியே நின்று பேசுகிற பேச்சு. அவளை மாற்ற வேண்டும் என்றால் அந்தச் சட்டத்துக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும் என்று விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் எனக்குத் தோன்றியது.

அன்று களையெடுக்க ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். நான் அடுப்பைப் பற்றவைத்து, போன அறுவடையில் எடுத்து வைத்திருந்த மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கினேன். வெல்லத்தைப் பாகு காய்ச்சி, மல்லாட்டைப் பொடியையும் மிச்சமிருந்த கினாகோ முழுவதையும் அதில் கொட்டினேன். அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள், அதற்குள் பாக்கெட் காலி. ஏலக்காய் போட்டு, நெய் தொட்டு, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. தட்டோடு வயலுக்குப் போய்க் களையெடுப்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். மாமாவுக்குக் கொடுத்தேன், எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். களையெடுத்த சரோஜா என்கிற அம்மாள் ஒன்றை வாயில் போட்டு மென்றபடி, என்ன மாவு இது, பொட்டுக்கடலையா, வாசனை நன்றாக இருக்கிறதே என்று கேட்டார். ஜப்பான் மாவு என்றேன். எதற்கு நல்லது என்று அவர் கேட்கவேயில்லை, இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.

அக்கா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சொல்லியாயிற்று, ஊருக்கே பங்கு போட்டாயிற்று, வெறும் வயிறும் இல்லை, வெந்நீரும் இல்லை. மருந்துக்கு இருந்த எல்லாச் சட்டமும் அந்த ஒரு தட்டில் உடைந்துபோயிருந்தது. "மருந்தப் போயி பலகாரம் ஆக்கிட்டியே" என்றாள். குரலில் கோபம் இருந்தது, கண்ணில் இல்லை. கடைசியாகத் தட்டில் இருந்த உருண்டையை எடுத்து அவளும் கடித்தாள். அன்று மதியம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, நான்கு மாதப் பசியோடு சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் பிரித்தாள். விழுங்குவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, நீ எப்போது சோதனைக்குப் போகப்போகிறாய் என்று கேட்டாள். திரும்பிப் போன மறுவாரம் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கொதிப்பு எடுத்தால் டாக்டருக்குப் போன் செய்வேன் என்று அவளும் பதிலுக்குச் சத்தியம் செய்தாள்.

மறுவாரம் நான் போகவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது சும்மாவா. பனி கொட்டுகிறது, வேலை அதிகம், மொழி புரியாது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது. உண்மையான காரணம் ஒன்றுதான், அவர்கள் ஏதாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம். ஒரு நாள் பாத்திரம் துடைக்கும்போது ஹயாஷி-சானிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் துணியைக் கீழே வைத்தார். தனக்கும் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதே அறுவை சிகிச்சை நடந்தது என்றார், இடது பக்கம், சோதனையில் சீக்கிரம் தெரிந்ததால் தப்பித்தேன் என்றார். எனக்கு வாயில் வந்துவிட்டது: நீங்கள் பிறந்ததிலிருந்து தோஃபு சாப்பிடுகிறவராயிற்றே. அவர் நான் என்ன கேட்கிறேன் என்று புரியாமல் கொஞ்சம் விழித்தார். பிறகு, "ஆமாம், ருசியாக இருக்குமே" என்றார். அன்று சாயங்காலம் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வியாழக்கெழம நீ போற. போய் முடிச்சிட்டு போன் பண்ணு. அது வரைக்கும் அன்னிக்கி மாத்திரைய நான் கையிலயே வச்சிக்கினு இருப்பேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை போனேன். மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்கு வந்திருக்கிறது என்ற கேள்விக்கு அம்மா, அக்கா என்ற இரண்டு கட்டங்களிலும் குறி போட்டேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் தனலட்சுமி, ஓமந்தூர், திண்டிவனம் வட்டம் என்று ஜப்பானிய எழுத்தில் எழுத முயன்றேன்; எங்கள் ஊர்ப் பெயர் அந்த எழுத்துக்குள் முழுசாக நுழைய மறுத்தது. வரவேற்பில் இருந்த பெண் இந்தியாவின் தொலைபேசி எண்ணைப் பார்த்துவிட்டு மிகவும் தயங்கி, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அடுத்த வரியில் ஹயாஷி-சானின் பெயரை எழுதினேன். அந்தப் பெண் திருப்தியோடு தலை குனிந்துவிட்டு, முதல் வரியைப் பேனாவால் அடிக்கப்போனார். வேண்டாம் என்று சொன்னேன். இரண்டும் இருக்கட்டும் என்றேன், அந்த ஒரு வாக்கியத்தைத் தப்பில்லாமல் சொன்னேன்.

உள்ளே குளிராக இருந்தது. இயந்திரத்தின் கண்ணாடித் தகடு அதைவிடக் குளிராக இருந்தது. மூச்சை நிறுத்துங்கள் என்று ஒரு பெண் குரல் சொன்னது, நிறுத்தினேன். அந்தச் சில நொடிகளில் அறை கலைந்து, மார்கழிப் பனிக்குள் யாரோ குனிந்து குனிந்து களையெடுப்பதுபோல் இருந்தது. மூச்சு விடலாம் என்றார்கள். வலித்தது, பொறுக்க முடியாத வலி இல்லை. முடிவு தபாலில் வரும், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு வாரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முடிவு என்னவாக இருந்தாலும் என்னால் இப்போது கடிதத்தைப் பிரிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று போன் செய்தேன். ஜப்பானில் பதினொரு மணி, அக்காவுக்குக் காலை ஏழரை. முதல் மணியிலேயே எடுத்தாள். முடிந்துவிட்டது என்றேன். தனியாகவா போனாய் என்று கேட்டாள், ஆமாம் என்றேன். என் பக்கம் பஸ் வந்து நின்று, கதவு திறந்து, ஏறுகிறேனா என்று ஓட்டுநர் காத்திருந்தார். நான் கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னேன். போனைக் காதோடு அழுத்தினேன். டம்ளர் தரையிலிருந்து எடுபடும் சத்தம் கேட்டது. அப்புறம், கடல்களைத் தாண்டி, என் அக்கா ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கும் சத்தம் கேட்டது.